கம்ப்யூட்டர் இழுக்கிறதா? க்ளீனர் போடும் முன் கோளாறு எதுவென்று பாருங்கள்

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோண்ணே, ஏதாச்சும் ஒரு க்ளீனர் போட்டு விடுங்க." மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் பில் போடுகிறவர், மேலூர்ப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறவர், நரிமேட்டில் பிளஸ் டூ படிக்கிற பையனின் அம்மா, எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன செய்யும்போது ஸ்லோ? ஆன் ஆகும்போதா, பிரவுசர் திறக்கும்போதா, மதியம் இரண்டு மணி வெயிலிலா? க்ளீனர் என்ற பெயரில் விற்கிற மென்பொருள் செய்கிற உருப்படியான வேலை எல்லாம் அநேகமாக விண்டோஸுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது, சிலது கெடுதல் செய்வது.

கீழே இருப்பது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் கோளாறு எதுவோ நேராக அங்கே போங்கள்.

"ஆயிரத்துச் சொச்சம் பிழை இருக்குன்னு சிவப்புல காட்டுது"

முதலில் அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வலது பக்கம் கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக எட்டிப் பார்த்து, அதில் குரோம் அல்லது எட்ஜ் என்று பெயர் இருந்தால், பேசுவது உங்கள் கம்ப்யூட்டர் இல்லை, ஏதோ ஒரு வெப்சைட். படம் இறக்கப் போன இடத்தில் யாரோ ஒருமுறை 'அலோ' பட்டனை அமுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கிய சைட்டுகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். செய்தி வருவது அதோடு நின்றுவிடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

ஸ்கிரீன் முழுக்க அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, ஒரு ஃபோன் நம்பரும் போட்டிருந்தால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் ஃபோன் நம்பர் போடுவதில்லை. ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். போகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் மாதிரி, தூரத்தில் இருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவிடுகிற எதையாவது போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு ஃபோனில் இருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது வகை, கம்ப்யூட்டரில் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிற ஒரு க்ளீனர். வேறு எதையோ இன்ஸ்டால் செய்யும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அது 'பிழை' என்று எண்ணுவது எதையெல்லாம் என்று பட்டியலை விரித்துப் பாருங்கள். பிரவுசர் குக்கீ (உங்கள் லாகினை நினைவில் வைக்க சைட்டுகள் விட்டுவைக்கிற சின்னக் கோப்பு) ஒவ்வொன்றும் ஒரு பிழை, தற்காலிகக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு பிழை, என்றைக்கோ நீக்கிய ஒரு புரோகிராம் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன பதிவு ஒவ்வொன்றும் ஒரு பிழை. நேற்று வாங்கிய புது லேப்டாப்பில் ஓட்டினாலும் சில நூறு காட்டும்.

ரெஜிஸ்ட்ரி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரமே அந்தச் சொல்லை நம்பித்தான் நடக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதிலுள்ள புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கிற இடம். அதில் லட்சக்கணக்கான பதிவுகள் உண்டு. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டியதைத் தேடும்போது முதல் பதிவில் இருந்து கடைசி வரைக்கும் வாசிப்பதில்லை, தன் முகவரிக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. அதனால் சும்மா கிடக்கிற சில நூறு பழைய பதிவுகளை நீக்கினால் வேகம் கூடாது. ஊரைவிட்டுப் போன நாலு பேர் பெயரை வாக்காளர் பட்டியலில் இருந்து அடித்துவிட்டால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் குறையுமா? ஆனால் தப்பான பதிவை அடித்தால் ஒரு புரோகிராம் திறக்காது, சில நேரம் விண்டோஸே ஏறாது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைப் பயன்படுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பயமுறுத்தல் பெரிய அளவில் நடந்து பிடிபட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்று இலவசமாகப் பரிசோதனை செய்து கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே கடைக்காரர் வாடிக்கையாளரிடம் நாலு கேள்வி கேட்பார், கம்ப்யூட்டர் ஸ்லோவா, தானாக விளம்பரம் வருகிறதா என்கிற மாதிரி. அதில் ஏதாவது ஒன்றுக்கு டிக் அடித்துவிட்டால் போதும், ஸ்கேன் என்ன கண்டுபிடித்தாலும் சரி, கண்டுபிடிக்காவிட்டாலும் சரி, வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். அதைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலர் வாங்கினார்கள். 2019-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தோடு சமரசமாகி அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு 'ரிப்பேர்' மென்பொருள் நிறுவனங்கள் இதே மாதிரி விவகாரத்தில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

சரி, வந்து உட்கார்ந்ததை எப்படி வெளியே அனுப்புவது? செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தது எது என்று தெரிந்துவிடும். நீக்குங்கள். "போகாதீங்க, 70 சதவீதம் தள்ளுபடி" என்று கெஞ்சும், கண்டுகொள்ள வேண்டாம். அதன்பின் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்க்ளீனரை (ஒட்டிக்கொண்ட விளம்பர மென்பொருளை நீக்குகிற கருவி) அவர்களுடைய சொந்த சைட்டில் இருந்து இறக்கி ஒருமுறை ஓட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சமும் போகும்.

"ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது"

இதற்குத்தான் பெரும்பாலும் க்ளீனர் விற்கிறார்கள், இதற்குத்தான் அது கொஞ்சமும் உதவாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். ஹெச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று போட்டு, ஆன் ஆன பிறகு பல நிமிடம் 100 சதவீதத்திலேயே நின்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று ஓடுகிற லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் நூறு இடங்களுக்குப் பக்கம்தான் தாவித் தாவிப் படிக்கும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, அதில் சாதாரண சாட்டா வகைகூட, பல்லாயிரம் இடங்களில் படிக்கும். விண்டோஸ் ஆன் ஆவது என்பதே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பதுதான். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்புகள் இன்னும் நம் பக்கத்து வீடுகளில் நிறைய ஓடுகின்றன, உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் போனால் ஒரே லேப்டாப்பை அக்கா படித்து முடித்து, தம்பி படித்து முடித்து, இப்போது அப்பா ரேஷன் கார்டு திருத்தம் பார்க்கிறார். அதில் எந்தக் க்ளீனர் போட்டாலும் ஹார்ட் டிஸ்க் வேகம் கூடாது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், இடம் இருந்தால் இன்னொரு ராமும் (ஓடுகிற புரோகிராம்கள் தங்குகிற தற்காலிக நினைவகம்) போடுங்கள். க்ளீனருக்கு வருடா வருடம் கட்டுகிற சந்தாவை இதற்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

எஸ்எஸ்டிதான் இருக்கிறது, ஆனாலும் தாமதம் என்றால் அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போங்கள். மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரிண்டர் கம்பெனியின் விளம்பர ஆப், எல்லாம் கும்பலாக நிற்கும். அன்றாடம் தேவைப்படாததை 'டிசேபிள்' செய்யுங்கள். டச்பேட், ஆடியோ, ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்டதை விட்டுவிடுங்கள். அங்கே பெரிய பாரமாக நிற்பது சில நேரம் க்ளீனராகவே இருக்கும்.

'ராம் பூஸ்டர்' என்று ஒன்று வரும். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களை ராமில் இருந்து டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, பார் 2 ஜிபி காலி என்று காட்டும். அடுத்த நிமிடம் நீங்கள் எக்செல்லுக்குத் திரும்பினால் அது டிஸ்கில் இருந்து திரும்ப ஏற வேண்டும், முன்னைவிட ஸ்லோ. காலியாகக் கிடக்கிற ராமால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, விண்டோஸ் அதில் எதையாவது தயாராக வைத்திருப்பதுதான் சரி.

டிஃப்ராக், அதாவது டிஸ்கில் சிதறிக் கிடக்கிற கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கிற வேலை பற்றியும் கேட்பீர்கள். எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. விண்டோஸே எது ஹார்ட் டிஸ்க், எது எஸ்எஸ்டி என்று பார்த்து வாரம் ஒருமுறை வேண்டியதைச் செய்துகொள்கிறது.

"சி டிரைவ் சிவப்பாயிருச்சு"

இங்கே மட்டும் சுத்தம் செய்வது நிஜமாகவே பலன் தரும், ஆனால் கருவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறந்தால் என்னென்ன எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டும். விண்டோஸ் அப்டேட் மிச்சங்கள், குப்பைத்தொட்டி, தம்ப்நெயில், இதையெல்லாம் தாராளமாக டிக் அடிக்கலாம். 'முந்தைய விண்டோஸ்' என்று பல ஜிபி காட்டினால், புது விண்டோஸ் நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு நீக்குங்கள், நீக்கினால் பழையதற்குத் திரும்ப முடியாது. நீங்கள் தொடாவிட்டாலும் 10 நாளில் விண்டோஸே அதை எடுத்துவிடும்.

டவுன்லோட்ஸ் என்ற வரியில் மட்டும் டிக் வைக்காதீர்கள். இ-சேவை மையத்தில் வந்தவருடைய சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் பிடிஎஃப் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கும். விண்டோஸ் 10-ன் 2018 பதிப்பு ஒன்றில் பழைய டிஸ்க் க்ளீனப்பிலும் இந்த வரியைச் சேர்த்தார்கள், பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்தவர்களின் கோப்புகள் போய்விட்டன, பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வெளிக் க்ளீனர் எதுவாக இருந்தாலும் இதே கண்ணோடு பாருங்கள்.

இத்தனை செய்தும் இடம் வரவில்லையா? எங்கே போனது என்று பார்க்க விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் போடுங்கள். இவை எதையும் தானாக அழிக்காது, எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று காட்டும், முடிவு உங்களுடையது. எனக்கு இந்த வகை மென்பொருள்தான் பிடிக்கும். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா முடிந்து, அதோடு வைகாசி முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் ஸ்டுடியோ சிஸ்டத்தில் மூச்சுவிட இடம் இருக்காது. அங்கே அடைப்பது பெரும்பாலும் வீடியோ எடிட் செய்கிற பிரீமியர் புரோவின் மீடியா கேஷ் (வேலையின்போது அது தானாகச் சேர்த்து வைக்கிற தற்காலிகக் கோப்புகள்), போட்டோஷாப் பாதியில் நின்றபோது விட்டுப்போன பெரிய தற்காலிகக் கோப்புகள். மீடியா கேஷைப் பிரீமியரின் பிரிஃபரன்ஸஸுக்குள் போய் அங்கிருந்தே அழியுங்கள். 'டூப்ளிகேட் ஃபைண்டர்' என்ற ஒன்றைக் கல்யாணப் படங்கள் இருக்கிற டிரைவில் அவிழ்த்துவிடவே விடாதீர்கள், பிராஜக்ட் ஃபைல் ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், ஃபைண்டர் இன்னொரு இடத்தில் இருக்கிற நகலை வைத்துக்கொண்டு அந்த இடத்துப் படத்தை அழித்துவிடும், பிறகு ஆல்பம் திறந்தால் படம் எல்லாம் காணோம் என்று வரும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கிற இடம் அது, கை வைக்காதீர்கள்.

"க்ளீனர் ஓட்டினதுக்கு அப்புறம்தான் கெட்டுப்போச்சு"

எது கெட்டது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

எல்லா சைட்டிலும் மறுபடி லாகின் கேட்கிறது என்றால் குக்கீ அழிந்திருக்கிறது, அது பெரிய சேதம் இல்லை. சேமித்த பாஸ்வேர்டுகளே காணோம் என்றால் குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்ததா என்று பாருங்கள், போட்டிருந்தால் கணக்கில் நுழைந்ததும் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது.

ஒரு புரோகிராம் திறக்கவில்லை, பிரிண்டர் காணவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருக்கிறது. பல க்ளீனர்கள் அழிக்கும் முன் ஒரு பேக்கப் கோப்பு எடுத்து வைக்கும், அதனால் க்ளீனரை அவசரப்பட்டு நீக்காமல் முதலில் அதற்குள் 'ரிஸ்டோர்' அல்லது 'அன்டூ' இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் ஸ்டார்ட்டில் சிஸ்டம் ரிஸ்டோர் என்று தேடி, க்ளீனர் ஓட்டுவதற்கு முந்தைய தேதிக்குப் போங்கள். பல லேப்டாப்புகளில் இந்த வசதி அணைந்தே இருக்கும், அப்படி இருந்தால் அந்தப் புரோகிராமை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதுதான். பில்லிங், கணக்கு மென்பொருள் என்றால் டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் நகல் எடுத்த பிறகு மட்டும்.

விண்டோஸே தள்ளாடினால் கமாண்ட் பிராம்ப்டை அட்மின் உரிமையோடு திறந்து, எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை அதுவே சரிசெய்யும். வெளியே காசு வாங்கிக்கொண்டு 'விண்டோஸ் ரிப்பேர்' என்று செய்கிறவர்களும் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

கோப்பே அழிந்துவிட்டதா? கையை எடுங்கள். அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள், மீட்கிற மென்பொருளைக்கூட அதிலேயே இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடினால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வேலை உடனுக்குடன் துடைத்துவிடுவதால் பெரும்பாலும் கிடைக்காது.

"நல்ல க்ளீனர்னு ஒண்ணுமே இல்லையா?"

இது கோளாறு இல்லைதான், ஆனாலும் எல்லோரும் கேட்பது. சிக்ளீனர் பெயரைச் சொல்வார்கள். பல வருடம் நல்ல பெயரோடு இருந்த மென்பொருள் அது. 2017 ஆகஸ்ட் 15-ல் வெளியான அதன் 5.33 பதிப்புக்குள், தயாரிக்கிற இடத்திலேயே புகுந்து, தீங்குநிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு, அவர்கள் சொந்த சைட்டில் இருந்தே, ஏறக்குறைய ஒரு மாதம் போய்க்கொண்டிருந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் இறங்கியது. திருடர்களுக்குக் குறி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள்தான், அதனால் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் தப்பித்தோம். க்ளீனர் என்பது கம்ப்யூட்டரின் எல்லா மூலைக்கும் போகிற சாவியைக் கேட்கிற மென்பொருள், அதைக் கொடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். வேகம் கூடும் என்பது அந்தக் காரணம் இல்லை.

காரணம் இருக்கிற இடமும் உண்டு. பலர் வந்து உட்கார்ந்து போகிற பிரவுசிங் சென்டரில் ஒருவருடைய லாகின் தடம் அடுத்தவர் கண்ணில் படாமல் துடைக்க ப்ளீச்பிட் நல்லது, இலவசம், திறந்த மூலம். அடம் பிடிக்கிற புரோகிராமை வேரோடு நீக்க ரெவோ அன்இன்ஸ்டாலர் உதவும். ஸ்டார்ட்அப்பில் ஒளிந்திருப்பதைத் துருவ மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் இருக்கிறது, ஆனால் அது விஷயம் தெரிந்தவர் கைக்கு.

'புரோ' பதிப்பைக் கிராக் செய்து போட்டுக் கொடுக்கிறோம் என்று சொன்னால் வேண்டவே வேண்டாம். பில்லிங் சிஸ்டத்தில், பேங்க் லாகின் இருக்கிற சிஸ்டத்தில், யார் கை வைத்தது என்றே தெரியாத ஒன்றை அட்மின் உரிமை கொடுத்து ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

டிரைவர் (பிரிண்டர், ஆடியோ மாதிரி பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) அப்டேட்டர்களும் இப்படித்தான். 14 டிரைவர் பழசு என்று பயமுறுத்தும். பழசாக இருந்து ஒழுங்காக ஓடுகிற டிரைவருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஓடவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட், இல்லை என்றால் லேப்டாப் கம்பெனியின் சைட்.

"மத்தியானம் ஆனா ஃபேன் கத்துது, அப்புறம் தூங்கிருது"

காலையில் நன்றாக ஓடி, கத்தரி வெயிலில் மட்டும் படுத்துவிட்டால் அது மென்பொருள் இல்லை. மதுரையில் வெளியே 40 டிகிரி தொடும்போது, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற கடைக்குள், தூசி அடைத்த லேப்டாப்பின் பிராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குவாரித் தூசி பறக்கிற பக்கம் என்றால் இன்னும் மோசம். ஃபேனையும் ஹீட் சிங்கையும் கழற்றித் தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். மெத்தையில் வைத்து வேலை பார்க்காதீர்கள்.

"கோப்பு திறக்க இழுக்குது, உள்ளே டக் டக்குன்னு சத்தம்"

நிறுத்துங்கள். க்ளீனர், டிஃப்ராக், டிஸ்க் செக் எதையும் ஓட்டாதீர்கள், சாகப்போகிற ஹார்ட் டிஸ்கை அதுவே முடித்துவிடும். முதலில் முக்கியமானதை வெளி டிஸ்குக்கு நகல் எடுங்கள், கணக்கு டேட்டா, படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், இந்த வரிசையில். எடுத்து முடித்த பிறகு டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். 'காஷன்' அல்லது 'பேட்' என்று மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்கை மாற்ற வேண்டும். சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்போது நீலமாக 'குட்' காட்டினாலும் நான் நம்ப மாட்டேன்.

"நீக்கிட்டேன், ஆனாலும் வருஷா வருஷம் காசு போகுது"

மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. காசு கட்டியபோது வந்த மின்னஞ்சலைத் தேடி, அதில் உள்ள கணக்கில் நுழைந்து 'ஆட்டோ ரென்யூ' என்பதை அணையுங்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே என்ற பகுதி இருக்கும், அங்கே அந்தப் பெயரைத் தேடி ரத்து செய்யலாம். கார்டு என்றால் பேங்கின் ஆப்பில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் அல்லது இ-மேன்டேட் என்ற இடத்தில் பாருங்கள். 2021 அக்டோபரில் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பிடிக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், ரத்து செய்கிற வழியும் அதிலேயே வரும். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் விற்ற நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், பல நிறுவனங்கள் 30 நாள் அவகாசம் தருகின்றன. பதில் வராவிட்டால் அந்த மின்னஞ்சலின் நகலோடு பேங்கில் டிஸ்ப்யூட் போடுங்கள்.